அக்கா தோட்டத்துச் சுண்ணாம்பு

வேர்க்கடலை வேரில் காய்ப்பதில்லை. செடியில் இலைக்கு இடுக்கில் மஞ்சளாக ஒரு சின்னப் பூ பூக்கும். அது வாடியதும், அந்த இடத்திலிருந்து ஊசி மாதிரி ஒரு விழுது கிளம்பி, கீழே வளைந்து, மண்ணுக்குள் இறங்கும். அந்த விழுதின் நுனிதான் இருட்டில் காயாகிறது. ஆனாலும் தமிழில் நாம் ‘வேர்க்கடலை’ என்கிறோம். எங்கள் திருத்தணிப் பக்கம் பல வீடுகளில் பேசும் தெலுங்கிலும் அது ‘வேருசெனகா’தான், அதே வேர், அதே கடலை. 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எதில் ஒத்துப்போனோமோ இல்லையோ, கடலைக்குத் தப்பாகப் பெயர் வைப்பதில் ஒத்துப்போயிருக்கிறோம்!

இந்த விழுது சமாசாரம் எங்கள் குடும்பத்துக்குப் புரிய, தம்பிக்கு இரண்டு போகம் போனது. தம்பி மனைவியின் ஏழு பவுன் நகை பேங்குக்குப் போனது.

கதை திருத்தணியில் தொடங்கவில்லை. கோத்தகிரியில், என் அக்கா வீட்டுத் தோட்டத்தில் தொடங்கியது. மாமா அங்கே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த பணத்தில் அரை ஏக்கர் வாங்கி பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் என்று ஆசையாகப் போட்டார். முதல் வருஷம் ஒன்றும் சரியாக வரவில்லை. செடி முளைக்கும், ஒரு சாண் வளரும், அப்புறம் அப்படியே நிற்கும். பத்து நாள் மழை இல்லாவிட்டால் சுருண்டு படுக்கும். உரம் போட்டார், சாணம் போட்டார், மருந்து அடித்தார். “ஏதோ கோவிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரியே நிக்குது” என்று போனில் புலம்புவார்.

ஒருநாள் அக்காதான் ஒரு பீன்ஸ் செடியைப் பிடுங்கினாள். அவள் பலம் போடவே வேண்டியிருக்கவில்லை, கைப்பிடியில் வந்துவிட்டது. வேர் கட்டை குட்டையாக, நுனி பழுப்பாக, தடித்துப்போய் இருந்தது. நூல் நூலாகப் பிரிந்து ஓட வேண்டிய சல்லிவேர் இல்லை. தேய்ந்துபோன பல் பிரஷ் மாதிரி இருந்தது என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்தவருடைய தேயிலை, அதே மண்ணில், பச்சைப்பசேல் என்று நின்றுகொண்டிருந்தது. மாமாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். பி.எச். 4.8 என்று வந்தது.

இந்த பி.எச். எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு, அதாவது அமிலம். 6-க்கும் 5-க்கும் ஒரு எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். அப்படி இல்லை, ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது. 5 என்பது 7-ஐவிட நூறு மடங்கு. மலையில் மழை அதிகம். காலங்காலமாகப் பெய்த மழை மண்ணிலிருந்த கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக் கொண்டு போய்விடுகிறது. மிச்சம் இருப்பது புளிப்பு. போதாததற்கு நாம் போடும் யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் வருஷா வருஷம் அந்தப் புளிப்பைக் கொஞ்சம் கூட்டுகின்றன. மாமா செடி வளரவில்லை என்று போட்ட உரம், பாதி நோய்க்கு உதவியிருக்கிறது.

புளிப்பு நேராக வேரைக் கொல்வதில்லை. கொல்வது அலுமினியம். ஆமாம், நம் வீட்டுச் சட்டிப்பானை அலுமினியம்தான். எல்லா மண்ணிலும் அது களிமண்ணுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அங்கே இருக்கிறவரை யாருக்கும் தொந்தரவு இல்லை. பி.எச். 5.5-க்குக் கீழே போனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய ஆரம்பிக்கிறது. கரைந்த அலுமினியம் வேரின் நுனியைப் பிடிக்கிறது. வேர் நீள்வதே நுனியில்தான். நுனி நின்றால் வேர் நின்றது. ஒரு முழம் கீழே தண்ணீர் இருக்கும், வேர் நான்கு விரல்கடைக்கு மேல் போகாது. பத்து நாள் வெயிலில் செடி சுருள்வது அதனால்தான். மணிச்சத்தையும் இதே அலுமினியம் பிடித்து வைத்துக்கொள்ளும், போட்ட உரமும் பாதி வீண்.

அப்படியானால் தேயிலை மட்டும் எப்படி? தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். அலுமினியத்தை உறிஞ்சி, முற்றிய இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிற செடி அது. அக்கா வீட்டு வாசலில் ஒரு ஹைட்ரேஞ்சியா புதர் உண்டு. மலை ஊர்களில் பார்த்திருப்பீர்கள், பந்து பந்தாகப் பூக்குமே, அது. அவள் வீட்டில் நல்ல நீலம். அந்த நீலமும் அலுமினியத்தின் கைவேலைதான். சுண்ணாம்பு உள்ள மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். வாசலில் பூவே சொல்லிக்கொண்டிருந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள ஒரு வருஷ விவசாயம் ஆயிற்று என்று அக்கா சிரிப்பாள்.

மருந்து சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடும் நீற்றிய சுண்ணாம்பு இல்லை; அது கையையும் பொசுக்கும், வேரையும் பொசுக்கும். சுண்ணாம்புக் கல்லை மாவாக அரைத்த விவசாயச் சுண்ணாம்பு, அல்லது டோலமைட். டோலமைட்டில் மெக்னீசியமும் சேர்ந்தே வரும். மலை மண்ணில் அதுவும் குறைவு என்பதால் மாமா அதை வாங்கினார். அறிக்கையில் சொன்ன கணக்குப்படி அரை ஏக்கருக்கு 15 மூட்டை. பயிர் வைப்பதற்குச் சில வாரம் முன்னாலேயே, மண்ணில் ஈரம் இருக்கும்போது, தூவிக் கொத்திக் கலந்துவிட்டார்கள். சும்மா மேலே தூவி விட்டால் அங்கேயே கிடக்கும். யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். மாவு எவ்வளவு பொடியோ அவ்வளவு வேகமாக வேலை செய்யும். மாமா வாத்தியார் இல்லையா, எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தார்.

அடுத்த போகம் பீன்ஸ் செடியை அக்கா இரண்டு கையால் இழுக்க வேண்டியிருந்தது. கேரட் ஒரு சாண் நீளம். முட்டைக்கோஸ் வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கும் ஒரு நோய் நீலகிரியில் உண்டு. புளிப்பு மண்ணில்தான் அதற்குக் கொண்டாட்டம். அதுவும் குறைந்தது. மாமா சுண்ணாம்பு பக்தர் ஆகிவிட்டார். பக்கத்தில் உருளைக்கிழங்கு போடுகிறவருக்குக்கூட உபதேசம் செய்தார். அவர் மசியவில்லை. சுண்ணாம்பு கூடினால் உருளையின் தோலில் சொறி வரும், அது அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது திருத்தணி.

எங்கள் நிலம் மலையடிவாரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி. ஒன்றரை ஏக்கர், செம்மண் கலந்த மணல். அப்பா காலத்திலிருந்து கடலைதான். தம்பிக்குத் தொடர்ந்து இரண்டு போகம் ஒரே கதை: செடி பார்க்க நன்றாக இருக்கும், பிடுங்கினால் காயும் நிறைய இருக்கும், உடைத்தால் பொக்கு. வியாபாரி வருவார், ஒரு கை அள்ளுவார், விரலால் நசுக்குவார், பருப்பை எண்ணுவார், விலையைப் பாதியாக்குவார். ஆழ்துளைக் கிணற்றுக்காக வைத்த நகைக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையைச் சுற்றி வயல்கள் மனைகளாகிக்கொண்டிருக்கும் நேரம். ஒரு புரோக்கர் வாரம் ஒருமுறை போன் செய்வார். “கடலை வெச்சு இன்னா சம்பாரிச்சிட போற?” என்பார். தம்பியிடம் அதற்குப் பதில் இல்லாமல் போக ஆரம்பித்த சமயம் அது.

கோத்தகிரியிலிருந்து மாமா போன் செய்தார். “மாப்ளே, எல்லாம் சுண்ணாம்புக் குறைதான். ஒண்ணும் யோசிக்காத, அடி.” அவர் கணக்கில் ஒன்றரை ஏக்கருக்கு 45 மூட்டை. பொக்குக்குக் காரணம் கால்சியம் குறைவு என்று அவர் எங்கோ படித்திருந்தார், அது சரிதான். சுண்ணாம்பில் கால்சியம் இருக்கிறது, அதுவும் சரிதான். கடைக்காரர் கடனுக்கே இறக்கித் தருவதாகச் சொன்னார். தம்பி சரி என்றுகூடச் சொல்லிவிட்டான்.

தடுத்தவள் தம்பி மனைவி. “அக்கா வீட்டு மண்ணும் நம்ம மண்ணும் ஒண்ணா அண்ணி? அவங்க டெஸ்ட் பண்ணித்தானே போட்டாங்க. நாமளும் பண்ணிட்டுப் போடலாம். அதுவரைக்கும் ஒரு மூட்டைகூட இறக்கக் கூடாது” என்று எனக்குப் போன் செய்தாள். நான் அரக்கோணத்தில் இருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். மூன்று பேருமாக மண் எடுத்தோம்.

மண் எடுப்பது சுலபம், ஆனால் அவசரத்தில் எடுத்தால் பயனில்லை. வரப்போரம், மரத்தடி, எருக்குப்பை கொட்டிய இடம் கூடாது. நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 12 இடங்களில், ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி அரையடிக்குக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் போட்டோம். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மறுபடி பரப்பி, மறுபடி தள்ளி, கடைசியில் அரை கிலோ. நிழலில் உலர்த்திப் பையில் கட்டினோம். கையோடு பத்துப் பதினைந்து பொக்குக் காயையும் தம்பி மனைவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்தக் காய்தான் முதலில் உதவியது. வேளாண் அலுவலர் மண்ணைப் பார்ப்பதற்கு முன் காயைப் பார்த்தார். தோல் கறுத்திருக்கிறதா, காய் சிறுத்திருக்கிறதா, காம்பு அழுகியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஊருக்கு வடக்கே இருக்கும் காளஹஸ்தியின் பெயரிலேயே கடலைக்கு ஒரு நோய் உண்டு. 1970-களின் நடுவில் அங்கே கண்டுபிடித்தது. கண்ணுக்குத் தெரியாத நூற்புழு காயைக் கடித்துக் கறுக்கவைக்கும். எங்கள் காயின் தோல் சுத்தமாக, வெளுப்பாக இருந்தது. உள்ளேதான் ஒன்றும் இல்லை. “புழு இல்லம்மா, இது பசி” என்றார்.

மண் முடிவு வந்தது. பி.எச். 6.2. லேசான புளிப்பு, கடலைக்கு அது பிடித்த நிலைதான். அலுமினியம் கரைகிற அளவுக்குக் கிட்டேகூட இல்லை. துத்தநாகம் குறைவு. இந்த மண்ணில், அதுவும் மணல் மண்ணில், 45 மூட்டை சுண்ணாம்பைக் கொட்டியிருந்தால் பி.எச். எகிறியிருக்கும். துத்தநாகமும் இரும்பும் போரானும் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போயிருக்கும். சுண்ணாம்பு மிஞ்சிய நிலத்தில் கடலை இலை வெளுத்து மஞ்சளாவதை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். களிமண்ணும் மக்கும் உள்ள மலை மண், போட்ட சுண்ணாம்பை எல்லாம் வாங்கி விழுங்கும். மணல் மண்ணுக்கு அந்த வயிறு இல்லை.

மண்வள அட்டையில் இன்னொரு விஷயத்தையும் கவனித்தேன். 2015-ல் வந்த இந்த அட்டையில் 12 விவரம் இருக்கிறது: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், பி.எச்., உப்பின் அளவு, கரிமம். கால்சியம் இல்லை! அட்டையை மட்டும் படித்திருந்தால் எங்கள் வீட்டுப் பொக்குக்குக் காரணம் அதில் இல்லை. அட்டையையும் காயையும் சேர்த்துப் பார்த்ததால்தான் விஷயம் பிடிபட்டது.

அலுவலர் சொன்ன மருந்து ஜிப்சம். ஏக்கருக்கு 160 கிலோ, எங்கள் நிலத்துக்கு 240 கிலோ, ஐந்தே மூட்டை. 45 எங்கே, 5 எங்கே!

“ஜிப்சம் களர் நிலத்துக்குப் போடுறதாச்சே” என்றான் தம்பி. ஊரில் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். களர் நிலத்தில் சோடியத்தை வெளியேற்றுவதும் ஜிப்சம்தான். ஆனால் அது பி.எச்.சைப் பெரிதாக ஏற்றுகிற பொருள் இல்லை. அது கால்சியமும் கந்தகமும் சேர்ந்த உப்பு, அவ்வளவுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராமுக்கு மேல் கரையும். சுண்ணாம்புக் கல் அதில் நூறில் ஒரு பங்குகூடக் கரையாது. சுண்ணாம்பு போட்ட இடத்தில் உட்காரும், ஜிப்சம் தண்ணீரோடு கிளம்பிப் போகும். கந்தகம் கடலையின் எண்ணெய்க்கும் நல்லது.

போய் என்ன செய்யும்? இங்கேதான் அந்த விழுது. செடி கால்சியத்தை வேரால் உறிஞ்சி, தண்ணீர் ஓட்டத்தோடு மேலே இலைக்கு அனுப்புகிறது. இலைக்குப் போனது திரும்பிக் கீழே வராது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டு, இறக்குவதற்குக் குழாய் போடாத வீடு மாதிரி. மற்றச் செடிகளுக்குக் காய் வெளியே காற்றில் இருக்கிறது, ஓட்டம் அங்கேயும் போகும். கடலைக்குக் காய் மண்ணுக்குள் இருக்கிறதே! அம்மா செடி ஊட்டிவிட முடியாது. காய் தானே தன் தோல் வழியாகச் சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்க ஒன்றும் இல்லை என்றால் தோல் மட்டும் வளரும், உள்ளே பருப்பு பிடிக்காது.

வேர் நுனிக்கும் இதே நிலைமைதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்கும் மேலிருந்து கால்சியம் இறங்காது. போகிற வழியில் உள்ள மண்ணில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வேர் அங்கேயே நின்றுவிடும். இதைப் பெரிய அளவில் பார்த்தவர்கள் பிரேசில்காரர்கள். அங்கே செராடோ என்று ஒரு புல்வெளிப் பிரதேசம், ஏறக்குறைய 20 லட்சம் சதுர கிலோமீட்டர். மண் முழுக்கப் புளிப்பு, அலுமினியம். விவசாயத்துக்கு ஆகாது என்று விட்டிருந்த இடம். சுண்ணாம்பு போட்டார்கள், பயிர் வந்தது. ஆனால் சுண்ணாம்பு கலந்த மேல் மண்ணோடு வேர் நின்றுவிட்டது. மழைக்கு நடுவே இரண்டு வாரம் காய்ந்தால் பயிர் வாடியது. சூப்பர் பாஸ்பேட்டில் இயல்பாகவே ஜிப்சம் இருக்கிறது. அதைப் போட்ட மண்ணில் கால்சியம் அடிவரை இறங்குவதையும், வேர் அதைத் தொடர்ந்து ஆழமாகப் போவதையும் 1980-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஜிப்சத்தில் உள்ள சல்பேட், அடி மண்ணில் அலுமினியத்தின் விஷத்தையும் மட்டுப்படுத்தும். இந்த ஆய்வில் பங்குகொண்ட எட்சன் லோபாட்டோவுக்கும் அலிசன் பாவோலினெல்லிக்கும் அமெரிக்கரான காலின் மெக்லங்குக்கும், செராடோவை விளைநிலமாக்கியதற்காக 2006-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். மாமாவுக்கு இதை அனுப்பினேன். “அப்ப என் தோட்டத்துக்கும் அடியில ஜிப்சம் வேணுமா?” என்று உடனே கேட்டார். மறுபடி மண் எடுத்துக் கொடுங்கள், இந்த முறை ஒரு முழம் ஆழத்திலும் எடுங்கள் என்றேன்.

ஜிப்சம் போட வேண்டியது விதைத்த 40-லிருந்து 45-ம் நாளுக்குள். விழுது இறங்கும் நேரம் அதுதான். செடியோரம் போட்டு, கொத்தி, மண் அணைக்க வேண்டும். அதற்குப் பிறகு மண்ணைத் தொடக் கூடாது, இறங்கிய விழுது அறுந்துவிடும். அந்த வருஷம் எங்களுக்கு 41-ம் நாள் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் வந்து விழுந்தது. திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்கு வேலைக்கு ஆள் கேட்பவனை ஊரே ஒரு மாதிரி பார்க்கும். பஸ்ஸெல்லாம் காவடி. “திருவிழா முடியட்டும்” என்றான் தம்பி. “விழுது திருவிழா பார்க்குமா?” என்றாள் அவன் மனைவி. அவன், அவள், நான், பக்கத்து வயல் பெரியம்மா, அவர் பேத்தி, ஐந்து பேரும் மூன்று நாள் விடியற்காலையில் இறங்கி முடித்தோம். முதல் நாள் லேசாகத் தண்ணீர் பாய்ச்சியிருந்தது. ஐந்து மூட்டை வெள்ளைப் பொடி, ஐந்து பேர் முழங்காலில், தூரத்தில் பம்பைச் சத்தம். எனக்கு இடுப்பு நிமிர ஒரு வாரம் ஆனது.

ஓரத்தில் ஒரு பாத்திக்கு மட்டும் ஜிப்சம் போடாமல் விட்டாள் தம்பி மனைவி. “நம்மளை நாமே ஏமாத்திக்கக் கூடாது அண்ணி, மழை நல்லா பேஞ்சதால வந்துச்சா பொடியால வந்துச்சான்னு தெரியணும்ல.”

பிடுங்கிய அன்று பிள்ளைகளை உட்காரவைத்து இரண்டு குவியலிலும் நூறு நூறு காய் உடைக்கச் சொன்னோம். போடாத பாத்தியில் மூன்றில் ஒன்று பொக்கு. போட்ட இடத்தில் பத்தில் ஒன்று. பொக்கு முழுதாகப் போய்விடவில்லை. காய் எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான், எடைதான் கூடியது. வியாபாரி வழக்கம்போல ஒரு கை அள்ளி நசுக்கினார், இன்னொரு கையும் அள்ளினார். அந்த முறை விலையைப் பற்றி அவரால் அதிகம் பேச முடியவில்லை.

ஏழு பவுனில் மூன்று பவுன் சங்கிலி திரும்பி வந்திருக்கிறது. வளையல்கள் இன்னும் பேங்கில்தான். தை மாதம் வட்டி கட்ட வேண்டும். புரோக்கர் இன்னும் போன் செய்கிறார், தம்பி எடுப்பதில்லை. மார்கழிப் பட்டத்துக்கு விதை வாங்கியாயிற்று. ஜிப்சம் ஐந்து மூட்டையும் துத்தநாக சல்பேட்டும் திண்ணையில் இருக்கின்றன. எந்தப் பாத்தியைச் சும்மா விடுவது என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இன்னும் முடிவாகவில்லை.